சிங்கிள் மால்ட்: இதில் ஒற்றை எது?

சிங்கிள் மால்ட் என்ற விஸ்கி வகைக்குத் தமிழில் பெயர் வைக்குமுன், அதில் ஒற்றை எது என்று பார்க்க வேண்டும். பலர் ஒரே தானியத்தில் செய்தது என்று நினைக்கிறார்கள். ஒரே பீப்பாயில் எடுத்தது என்பார்கள் சிலர். இரண்டும் இல்லை, இங்கே ஒற்றையாக இருப்பது வடிசாலை, அதாவது சாராயம் வடிக்கும் ஆலை (டிஸ்டில்லரி). முளைவிட்ட பார்லியை (முளைகட்டி உலர்த்திய தானியம்தான் மால்ட்) மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில், கொப்பரை வாலை என்னும் வடிகலத்தில் ஈடு ஈடாக வடித்த விஸ்கிதான் சிங்கிள் மால்ட். அந்த ஒரு சாலையின் பல பீப்பாய்களைக் கலந்து புட்டியில் அடைத்தாலும் பெயர் மாறாது. லேபிளில் 12 ஆண்டு என்று இருந்தால், கலந்தவற்றில் மிக இளையதற்கு வயது 12.

ஸ்காட்ச் என்று சொல்லிக்கொள்ள இன்னும் சில நிபந்தனைகள் உண்டு. 2009-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஸ்காட்லாந்திலேயே, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், குறைந்தது 3 ஆண்டுகள் இருக்க வேண்டும். ஆல்கஹால் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது.

விஸ்கி என்ற சொல் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலிருந்து வந்தது. 'உஷ்கெ பாஹா' என்றால் உயிர்நீர். லத்தீனில் 'அக்வா விட்டே' என்பதும் அதே பொருள்தான். 1494-இல் ஜான் கோர் என்ற துறவிக்கு அக்வா விட்டே செய்ய எட்டு 'போல்' மால்ட் கொடுத்ததாக ஸ்காட்லாந்து அரசுக் கணக்கேட்டில் ஒரு பதிவு இருக்கிறது. 'போல்' அந்த ஊர் முகத்தலளவை. மால்ட்டும் உயிர்நீரும் ஒரே வரியில் வந்துவிட்டன, பாருங்கள்.

மால்ட் பழைய ஜெர்மானியச் சொல். உருகுதல், இளகுதல் என்ற பொருளுள்ள 'மெல்ட்' இதற்கு உறவு. பொருத்தமான பெயர்தான். பார்லியை ஊறவைத்துப் பரப்பினால் முளை கிளம்பும். கல்போல் இருந்த மணி உள்ளே இளகும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் உண்டாகும். முளை நீளுமுன் சூடுகாட்டி உலர்த்திவிடுவார்கள். நம் வீட்டு ராகி மால்ட்டில் இருப்பதும் இதே மால்ட்தான். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைக்கிறோம்.

சரி, ஒரே சாலை என்பதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? சுவைத்து ஒப்பிட்டால் புரியும். ஸ்பேசைடு பகுதியின் கிளென்ஃபிடிக் 12, ஐலா தீவின் லாகவூலின் 16 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் மூலப்பொருள் பார்லி, தண்ணீர், ஈஸ்ட்தான். ஆனால் முதல் கிண்ணத்தில் பேரிக்காய் வாசம்; இரண்டாவதில் புகையும் அயோடினும் கடற்காற்றும். ஐலாவில் முளைத்த பார்லியை பீட் என்னும் சதுப்பு நிலக் கரிமண்ணை எரித்து, அந்தப் புகையில் உலர்த்துவது வழக்கம். புகையின் ஃபீனால்கள் மணியில் ஏறி, வடித்தபிறகும் நிற்கின்றன. வாலையின் உருவமும் சுவையை மாற்றும். கிளென்மோரஞ்சி வடிசாலையின் வாலைகள் ஒட்டகச்சிவிங்கிக் கழுத்துபோல் உயரமானவை. கனமான ஆவி மேலே ஏற முடியாமல் திரும்ப விழுவதால் இறங்குவது இலேசான சாராயம். மெக்காலன் வாலைகள் குட்டையானவை, அதனால் அதன் விஸ்கிக்குக் கனம் அதிகம். ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாய் உலர்திராட்சை மணத்தைச் சேர்க்கும். குடிக்குமுன் வாயைச் சற்றே திறந்தபடி முகருங்கள், அப்புறம் சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள். அடங்கிக் கிடந்த வாசம் மேலெழும். ஐஸ் போட்டால் மூக்குக்கு ஒன்றும் எட்டாது. ஒப்பிடும்போது அது வேண்டாம்.

ஆகவே தமிழ்ச் சொல்லிலும் அந்தச் சாலை தெரிய வேண்டும் என்பது என் கருத்து. 'ஒற்றை மால்ட்' என்றால் பழைய குழப்பமே தொடரும். தேறல் என்ற சங்கச் சொல்லைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அழகான சொல்தான், ஆனால் தேறல் தெளிந்த கள், காய்ச்சி வடித்ததல்ல. வடித்தலுக்கு நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன. வாலை என்பது வடிகலம். சித்த மருத்துவர்கள் இன்றும் வாலையில் தீநீர் வடிக்கிறார்கள். வடிசாலை என்ற சொல் யாழ்ப்பாணத்தில் திக்கம் வடிசாலையால் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. பார்லிக்கு வாற்கோதுமை உண்டு, கதிரின் நீண்ட கூர்களை வாலாகப் பார்த்த பெயர்.

விஸ்கி ஊர்ப் பெயர்போல ஒட்டிக்கொண்ட சொல், அப்படியே இருக்கட்டும். சிங்கிள் மால்ட்டை 'ஒருவடிசாலை முளைதானிய விஸ்கி' என்று முழுதாகவும், பேச்சில் 'ஒருசாலை மால்ட்' என்றும் சொல்லலாம். பல சாலைகளின் மால்ட்டுகளைச் சேர்த்த பிளெண்டட் மால்ட் 'பலசாலை மால்ட்' ஆகும். மால்ட்டோடு வேறு தானிய விஸ்கியும் சேரும் பிளெண்டட் ஸ்காட்ச்சுக்குக் 'கலப்பு ஸ்காட்ச்' போதும். ஒரே பீப்பாயில் எடுத்து அடைக்கும் சிங்கிள் காஸ்க், 'ஒருபீப்பாய் விஸ்கி'.