பச்சை எரிந்தால் அளவு சரி என்று அர்த்தமா?

"பம்ப்பை நிறுத்திப் பத்து நிமிஷம் ஆச்சு சார், பிரஷர் இறங்கவே மாட்டேங்குது" என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், அழுத்தத்தை அளந்து திரைக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரில் எல்லா விளக்கும் பச்சை. கேபிள் சொருகிய இடத்தில் லிங்க் விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. அழுத்தத்தைக் கருவிக்குக் கொண்டுவரும் மெல்லிய இம்பல்ஸ் லைன்தான் கசடு கட்டி அடைத்திருந்தது. அடைப்புக்கு இந்தப் பக்கம் சிக்கிக்கொண்ட பழைய அழுத்தத்தைக் கருவி ஒழுங்காக அளந்து, ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தது.

இதே அடைப்பு குழாய் காலியாக இருந்தபோது விழுந்திருந்தால்? உள்ளே அழுத்தம் ஏறிய பிறகும் திரை பூஜ்ஜியம் காட்டியிருக்கும். அதை நம்பி ஒருவர் குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்ச் போல்ட்டைக் கழற்றப் போயிருப்பார். இப்போது நினைத்தாலும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

விளக்கைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இது எதைப் பற்றிப் பேசுகிறது என்பதுதான். லிங்க் விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் கேபிளின் இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்கிறதா என்பது மட்டும். ஈதர்நெட்/ஐபி என்ற தொழிற்சாலை நெட்வொர்க்கில் ஓடும் கருவிகளில் எம்எஸ் விளக்கு கருவியின் உடல்நிலையைச் சொல்லும், என்எஸ் விளக்கு நெட்வொர்க்கைச் சொல்லும். என்எஸ் பச்சையில் சிமிட்டினால் முகவரி கிடைத்துவிட்டது, ஆனால் பிஎல்சி (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்னும் தொடர்பு பிடிக்கவில்லை. நிலையான பச்சை என்றால் தொடர்பு இருக்கிறது. சிவப்பில் சிமிட்டினால் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. நிலையான சிவப்பு என்றால், அதே ஐபி முகவரியோடு இன்னொரு கருவி நெட்வொர்க்கில் இருக்கிறது. ஸ்பேர் கருவியை மாட்டிய மறுநாள் இப்படி எரிந்தால் கேபிளை மாற்றிப் பொழுதைக் கழிக்க வேண்டாம், முகவரியைப் பாருங்கள்.

ஆனால் இந்தப் பாடம் ஈதர்கேட் என்ற இன்னொரு வகை நெட்வொர்க்குக்குப் பொருந்தாது. அங்கே கருவி எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ரன் விளக்கு ஒரே ஒரு முறை மின்னி, இடைவெளி விட்டு மீண்டும் மின்னினால் சேஃப்-ஆப் நிலை: அளவுகள் வரும், வெளியீடுகள் பாதுகாப்பு நிலையில் நிற்கும். சீராக மாறி மாறிச் சிமிட்டினால் அதற்கும் முந்தைய கட்டமான ப்ரீ-ஆப். ஒரு நொடி பார்த்துவிட்டு நகர்ந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் பத்து நொடி நின்று எண்ணுங்கள்.

அளவின் தரத்தைப் பற்றிப் பேச நாமூர் என்ற பயனாளர் அமைப்பின் என்ஈ 107 என்ற பரிந்துரை இருக்கிறது. சிவப்பு என்றால் பழுது, அளவை நம்ப முடியாது. ஆரஞ்சு என்றால் யாரோ கருவியில் வேலை செய்கிறார்கள், அந்த நேரத்து எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. மஞ்சள், கருவி தன் வரம்புக்கு வெளியே இயங்குகிறது. நீலம், அளவு இப்போதைக்குச் சரி, ஆனால் பராமரிப்பு தேவை. நான் பார்த்தவரை அதிகம் புறக்கணிக்கப்படுவது நீலம்தான். எந்த எச்சரிக்கை விளக்குமே எரியாத அடைப்புகளும் உண்டு என்பதை மேலே சொன்ன கதையிலேயே பார்த்தோம். பம்ப் நிற்கும்போது எண்ணும் இறங்குகிறதா, பக்கத்து பிரஷர் கேஜ் அதே கதையைச் சொல்கிறதா என்று பார்ப்பதற்கு மாற்று கிடையாது.

அப்புறம், பழுது வந்ததும் பவரை ஆஃப் செய்து ஆன் செய்யும் பழக்கம். தயவுசெய்து அதற்கு முன் விளக்குகளை வீடியோ எடுங்கள். ஆஃப் செய்த நொடியில் தடயம் போய்விடும். எரிவாயு ஆபத்துள்ள பகுதியில் போனை வெளியே எடுக்காமல் காகிதத்தில் குறியுங்கள்: எந்த விளக்கு, என்ன நிறம், எத்தனை சிமிட்டல்.

குறிக்கும்போது "மேலிருந்து இரண்டாவது" என்று இடத்தையும் சேர்த்து எழுதச் சொல்வேன். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் நம்மோடு வேலை செய்கிறார்கள், பலர் அதை வெளியில் சொல்வதில்லை. எங்கள் பேனல் கதவுகளின் உட்புறத்தில், எல்லாம் சரியாக ஓடும் நாளில் எடுத்த விளக்குகளின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறோம். இரவு ஷிப்டில் புதிதாக வந்தவர்கூட அதோடு ஒப்பிட்டு, எது மாறியிருக்கிறது என்று போனில் சொல்லிவிடுகிறார்.