ஸ்லோ நிற்காத பழைய காரும் ஒரு ரப்பர் ஹோஸும்

போன மாதம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பழைய கார்புரேட்டர் காரைக் கொண்டுவந்தார். சிக்னலில் நின்றால் ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் மெதுவான ஓட்டத்தில், என்ஜின் ஆடி ஆடி அணைந்துவிடுமாம். வேறு பட்டறையில் பிளக் மாற்றி, கார்புரேட்டர் கிட் போட்டு, பின்பக்க ஆயில் சீலை இரண்டு தடவை மாற்றியாயிற்று. சீல் மறுபடி கசிந்ததும், "ரிங்ஸ் போயிடுச்சு, என்ஜினை இறக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

என்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரில் இருந்த பிசிவி வால்வை, அதாவது என்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் வால்வை, பிடுங்கிக் காதருகே வைத்து ஆட்டினேன். சத்தமே இல்லை. நல்ல வால்வாக இருந்தால் கடகடவென்று ஆடும். இது கருப்புப் பிசினில் இறுகிப்போயிருந்தது. அதிலிருந்து, சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸ் ஆயிலில் ஊறி மெத்தென்று இருந்தது. மடக்கிப் பார்த்தபோதுதான் வளைவின் அடியில் நகத்தளவு வெடிப்பு வாயைத் திறந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

எந்த என்ஜினிலும் கொஞ்சம் புகை பிஸ்டன் ரிங்கைத் தாண்டி என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கும், புதுசாக இருந்தாலும்தான். அதை மேனிஃபோல்டின் வேக்கத்தால் (உறிஞ்சும் இழுப்பால்) இழுத்து மறுபடி எரிய விடுவது இந்த வால்வு. அது மூடியபடி ஒட்டிக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். எந்த சீல் இளைத்திருக்கிறதோ அந்த வழியாக ஆயில் வெளியே வரும். சீலை எத்தனை தடவை மாற்றினாலும் நிற்காது. திறந்தபடி ஒட்டிக்கொண்டால் அதுவே ஏர் லீக், அதாவது கணக்கில் இல்லாத காற்று உள்ளே நுழையும். ஆசிரியரின் காரில் வால்வு மூடிக்கொண்டதால் சீல் கசிந்தது, ஹோஸ் வெடித்ததால் ஸ்லோ ஆடியது. இரண்டு தொல்லையும் ஒரே லைனில் இருந்தன.

ஏர் லீக் கார்புரேட்டர் வண்டியில் ஆட்டமாகவும் அணைதலாகவும் வரும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் வழி பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியில் பல நேரம் ஸ்லோ ஏறிப்போய் நிற்கும், ஏனென்றால் உள்ளே வந்த காற்றுக்கு ஈசியு என்ற அந்தக் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கூட்டிவிடுகிறது. வேக்கம் கேஜ் இருந்தால் சமவெளியில் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை ஆடாமல் நிற்க வேண்டும். 1000 அடி ஏறினால் ஏறத்தாழ 1 அங்குலம் குறையும், அதனால் ஊட்டியில் 12 காட்டினால் பயப்படாதீர்கள்.

லீக்கைத் தேட சிலர் ஓடும் என்ஜினில் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சூடான எக்ஸாஸ்டும் பிளக் ஒயரும் பக்கத்திலேயே இருக்கின்றன; ஒரு பொறி போதும். கைத் தெளிப்பானில் தண்ணீர் எடுத்து, பிளக் ஒயர் நனையாமல், ஹோஸ் முனைகளிலும் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்திலும் கொஞ்சமாகத் தெளியுங்கள். லீக் இருக்கும் இடத்தில் என்ஜின் சத்தம் மாறும். ஒவ்வொரு ஹோஸாக நசுக்கிப் பார்த்தாலும் புலப்படும்.

பிரேக் மிதிப்பை லேசாக்கும் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை மட்டும் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். அது வெடித்தால் ஸ்லோவும் கெடும், பிரேக்கும் கல் மாதிரி இறுகும். என்ஜினை அணைத்து பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள். இறுகியதும் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

வால்வை அதே மாடலுக்கு உரியதாகவே வாங்குங்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஸ்பிரிங் வேறாக இருக்கும். தண்ணீர் டியூபை வெட்டி மாட்டினால் சூட்டில் இளகி, வேக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆயில் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும். லைனை போல்ட் வைத்து அடைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். ஸ்லோ சரியாகிவிடும், அப்புறம் ஆயில் கசியத் தொடங்கும்.

ஆசிரியரின் காரில் வால்வையும் ஹோஸையும் மாற்றி, சீலை இன்னொரு முறை போட்டேன். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) நாலு சிலிண்டரிலும் ஒரே அளவில் நன்றாக இருந்தது. ரிங்ஸ் போகவில்லை, அதனால் என்ஜினை இறக்கவில்லை. கடைசியாக, லீக்கை மறைக்க யாரோ ஏற்றி வைத்திருந்த ஸ்லோ ஸ்குரூவைப் பழைய இடத்துக்கு இறக்கினேன்.