சர்க்கரைக்குப் போனவரைக் கண் மருத்துவரிடம் ஏன் அனுப்புகிறார்கள்?

அண்மையில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தில், முகாம் ஒன்றில் எதேச்சையாகச் செய்துகொண்ட ரத்தப் பரிசோதனையில் தமக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்ததாகவும், மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று மருத்துவரிடம் போன தம் கையில் கண் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, பாதப் பரிசோதனை, ஈசிஜி, பல் மருத்துவர், உணவு ஆலோசகர் என ஒரு நீண்ட பட்டியல் தரப்பட்டதாகவும் குறிப்பிட்டிருந்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை, காலில் ஒரு புண்ணும் இல்லை, பிறகு ஏன் லீவு போட்டு அலைய வேண்டும், இது மருத்துவமா வியாபாரமா என்பது அவருடைய கேள்வி. அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தள்ளுபடி விலையில் விற்கப்படும் 'முழு உடல் பரிசோதனை'த் தொகுப்புகளில் பாதிக்கு மேல் தேவையற்றவை என்பதே என் கருத்து. ஆனால் அவர் கையில் இருக்கும் பட்டியல் அந்த வகையைச் சேர்ந்தது அன்று. உடலின் எந்தெந்தப் பகுதிகள் சர்க்கரையிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவை என்பதை அறிந்தே அது எழுதப்பட்டிருக்கிறது.

பள்ளிப் பாடத்தில் படித்ததை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்வோம். உணவிலிருந்து ரத்தத்தில் கலக்கும் குளுக்கோசைத் தசையும் கொழுப்புத் திசுவும் எடுத்துக்கொள்ளக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் உதவுகிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்ப்பதில்லை, நாளடைவில் சுரப்பும் குறைகிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் மிகுகிறது. இதுவரை பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மிகுந்த குளுக்கோஸ் எல்லா உறுப்புகளையும் ஒரே அளவில் தாக்காமல், கண், சிறுநீரகம், நரம்பு ஆகிய மூன்றைத் தேடிப்போய்த் தாக்குவது ஏன் என்ற கேள்வியைப் பாடநூல்கள் பெரும்பாலும் எழுப்புவதே இல்லை.

குளுக்கோஸ் மூலக்கூறு உயிரணுவின் சவ்வைத் தானாக ஊடுருவ முடியாது. அதை உள்ளே கடத்துவதற்கென்று சவ்வில் தனிப் புரதங்கள் பதிந்திருக்கின்றன. தசையிலும் கொழுப்பிலும் இருக்கும் க்ளூட்-4 என்ற கடத்திப் புரதம் வழக்கமாக உயிரணுவின் உட்புறத்தில் ஒதுங்கியிருந்து, இன்சுலினின் செய்தி வந்த பிறகே சவ்வுக்கு வந்து சேரும். விழித்திரையின் நுண்குழாய்களிலோ, எப்போதும் சவ்விலேயே நிலைத்திருக்கும் க்ளூட்-1 என்ற வேறொரு கடத்தி வேலை செய்கிறது. அதற்கு இன்சுலினின் அனுமதி தேவையில்லை. விழித்திரை, எடைக்கு எடை பார்த்தால், உடலிலேயே மிக அதிகமாக ஆக்சிஜனைச் செலவழிக்கும் திசுக்களில் ஒன்று; இன்சுலின் வரும்வரை காத்திருந்தால் அதற்குக் கட்டுப்படியாகாது.

இன்சுலின் தேவைப்படாத உயிரணுக்கள் உடலில் வேறு பலவும் உண்டு. வெளியே குளுக்கோஸ் அளவுக்கு மீறிப் பெருகும்போது அவற்றுள் பெரும்பாலானவை தம் கடத்திகளின் எண்ணிக்கையைக் குறைத்து, உள்ளே வரும் குளுக்கோசை ஒரு வரம்புக்குள் நிறுத்திக்கொள்கின்றன. ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் தசை உயிரணுக்கூட இதைச் செய்கிறது. ஆனால் அதே குழாயின் உள்ளே வரிசையாகப் படிந்திருக்கும் உட்சுவர் உயிரணுக்களால் இது இயலவில்லை, சிறுநீரகத்தின் வடிகட்டி முடிச்சுகளைத் தாங்கி நிற்கும் மெசாஞ்சியல் உயிரணுக்களாலும் இயலவில்லை, நரம்பாலும் இயலவில்லை. ரத்தத்தில் சர்க்கரை இருமடங்கானால் இவற்றின் உள்ளேயும் அது கட்டின்றி ஏறுகிறது. ஏறிய குளுக்கோசை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தன் கொள்ளளவுக்கு மேல் வேலை செய்ய நேரும்போது, சூப்பர் ஆக்சைடு என்ற வினைத்திறன் மிக்க மூலக்கூறு அதிகமாக வெளிப்பட்டு, உயிரணுவுக்குள் பல சேத வழிகளை ஒருங்கே திறந்துவிடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பிரௌன்லீ 2001-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் விளக்கினார். தனித்தனியாகக் கண்டறியப்பட்டிருந்த நான்கு சேத வழிகளை ஒரே மூலத்தில் கொண்டுபோய் இணைத்த அந்தக் கட்டுரையின் எல்லா வாதங்களும் இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. ஆயினும் ஏன் குறிப்பாக இந்த உறுப்புகள் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடையை நான் படித்ததில்லை.

விழித்திரையில் நிகழ்வதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். உடலின் மற்ற நுண்குழாய்களிலிருந்து விழித்திரையின் நுண்குழாய் ஒரு விதத்தில் வேறுபட்டது: அதன் வெளிப்புறத்தை அணைத்துக்கொண்டு பெரிசைட் எனப்படும் உயிரணுக்கள் மிக நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன. தசையின் நுண்குழாயில் நூறு உட்சுவர் உயிரணுக்களுக்கு ஒரு பெரிசைட் இருந்தால், விழித்திரையில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கின்றன. குழாய் எவ்வளவு விரிய வேண்டும், எவ்வளவு சுருங்க வேண்டும், எதை வெளியே கசியவிடக் கூடாது என்பவற்றையெல்லாம் இவை பக்கத்திலிருந்து நெறிப்படுத்துகின்றன. சர்க்கரை நோயில் முதலில் மடிபவற்றுள் இவையும் அடங்கும் என்பதைக் கண்டறிந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமான ஆய்வுக் கதைகளில் ஒன்று. பாஸ்டன் நகரில் பணியாற்றிய டேவிட் கோகனும் தொய்ச்சிரோ குவபாராவும், இறந்தவர்களின் கண்களிலிருந்து எடுத்த விழித்திரையை டிரிப்சின் என்ற செரிமான நொதியில் ஊறவைத்தனர். நரம்புத் திசு முழுவதும் கரைந்துபோக, ரத்தக் குழாய்களின் வலைப்பின்னல் மட்டும் சிதையாமல் எஞ்சியது. அதைக் கண்ணாடித் தகட்டில் விரித்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, சர்க்கரை நோய் இருந்தவர்களின் குழாய்ச் சுவரில் பெரிசைட்டுகள் இருந்திருக்க வேண்டிய இடங்களில் வெற்றுப் பைகள் மட்டும் தெரிந்தன. 1961-இல் அவர்கள் வெளியிட்ட அந்தக் காட்சிதான் கண் பாதிப்பின் தொடக்கத்தை நமக்குக் காட்டியது.

துணையிழந்த குழாய்ச் சுவர் ஆங்காங்கே சிறு குமிழ்களாகப் புடைக்கிறது, குமிழ்கள் கசிகின்றன, சில குழாய்கள் அடைபட்டு, அவற்றை நம்பியிருந்த பகுதிக்கு ஆக்சிஜன் நின்றுபோகிறது. ஆக்சிஜனுக்கு ஏங்கும் திசு, புதிய குழாய்கள் முளைக்கத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அதன் நோக்கம் நல்லதுதான். ஆனால் அவசரத்தில் முளைக்கும் அந்தக் குழாய்கள் உறுதியற்றவை; ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவும்போதுதான் நோயாளிக்குப் பார்வை மங்குகிறது. அதற்கு முன்னால் ஆண்டுக்கணக்கில் நடந்தவை எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது. விழித்திரையில் வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. பார்வையின் மையப் பகுதி பாதிக்கப்படாதவரை எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூட அவர் தடையின்றிப் படித்துவிடுவார். எனவே 'எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது' என்பது கண் பரிசோதனையைத் தவிர்ப்பதற்கான காரணமாகாது.

உடலைக் கீறாமல் ரத்தக் குழாயை நேருக்கு நேர் இவ்வளவு தெளிவாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் கண்ணின் உட்புறம்தான். 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் விழிநோக்கியை அறிமுகப்படுத்திய நாள் முதல் மருத்துவர்கள் இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி வருகிறார்கள். இன்று சொட்டு மருந்தால் கண்ணின் பாவையை விரித்து ஒளிப்படம் எடுக்கிறார்கள். அப்படங்களைக் கணினியே படித்து நோயைக் கண்டறியும் முறையை 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்டபோது, அதற்குப் பயன்பட்ட படங்களில் ஒரு பகுதி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளிலிருந்து சென்றவை.

நோய் தெரிந்த அன்றே கண்ணைப் பார்க்க வேண்டுமா, சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் ஆகாதா என்பது அடுத்த கேள்வி. முதல் வகைச் சர்க்கரை நோய் திடீரென, பலத்த அறிகுறிகளுடன் தொடங்குவதால் அதன் தொடக்கம் ஏறக்குறையத் தெரியும். ஆகவே அவர்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் கண் பரிசோதனை தொடங்கினால் போதும் என்கின்றன வழிகாட்டி நெறிகள். இரண்டாம் வகையில் ரிப்போர்ட்டில் இருக்கும் தேதி நோய் தெரியவந்த நாளே அன்றி நோய் வந்த நாள் அன்று. 1977-இல் தொடங்கிய பிரிட்டனின் யூகேபிடிஎஸ் ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்டு விழித்திரைப் படம் எடுக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு அப்போதே விழித்திரையில் மாற்றங்கள் இருந்தன. சென்னையில் வீடு வீடாகச் சென்று நடத்தி 2005-இல் வெளியான ஆய்வில் இந்த விகிதம் புதியவர்களிடையே சுமார் 5 விழுக்காடுதான். மருத்துவரைத் தேடி வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே கண்டறியப்பட்டவர்கள் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் இருபது பேரில் ஒருவர் ஆகிறது.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையை வேகமாகக் குறைக்கும்போது, ஏற்கெனவே பாதிப்புள்ள விழித்திரை முதல் ஓராண்டில் சற்று மோசமடையக்கூடும் என்பது முதல் வகை நோயாளிகளிடம் நடந்த டிசிசிடி என்ற அமெரிக்க ஆய்வில் தெரியவந்தது. ஆகவே சர்க்கரையைக் குறைக்கத் தொடங்கும்போதே விழித்திரையின் நிலை தெரிந்திருப்பது நல்லது. நீண்டகாலத்தில் கட்டுப்பாடே வென்றது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இத்தகைய ஆய்வுகள் பத்து, இருபது ஆண்டுகள் நீள்பவை. பொதுப் பணம் பெருமளவில் இல்லாமல் இவை நடந்திருக்க முடியாது. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு சொன்னபோது எண்ணிக்கையைப் பார்த்து அதிர்ந்த நாம், அந்த எண்ணிக்கைக்கு ஏற்ற நிதி ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்படுகிறதா என்று கேட்கவில்லை என்பது என் ஆதங்கம்.

பட்டியலின் மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகிறது. வடிகட்டி பழுதாகத் தொடங்கும்போது ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் சிறிதளவு கசியும். சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமின் என்ற அளவைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடுமையான உடற்பயிற்சி ஆகியவையும் இந்த அளவைத் தற்காலிகமாக உயர்த்தும் என்பதால், சில மாதங்களில் மீண்டும் பரிசோதித்து உறுதி செய்துகொள்வதே முறை. அதே பரிசோதனைக்கு இரண்டாம் முறை அழைப்பது பணம் பிடுங்கும் உத்தி ஆகாது. பாதத்தைப் பார்ப்பதற்கு, உடலின் மிக நீளமான நரம்பிழைகள் அங்கே முடிவதும், நீளமான இழைகளே முதலில் பழுதாவதும் காரணம். 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். தொட்டது தெரியாதவருக்கு முள் குத்தினாலும் தெரியாது. ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதால் பல் மருத்துவர். சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் குளுக்கோசை அளந்து மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள் என்பதுதான்.

இத்தனை அலைச்சலையும் ஓரளவு குறைத்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றில் செல்ல வேண்டியது உண்ணாநிலைச் சர்க்கரைக்கு மட்டுமே; எச்பிஏ1சிக்கும் சிறுநீர் ஆல்புமினுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால், மூன்றுக்கும் ஒரே காலையில் மாதிரி கொடுத்துவிட்டுச் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, அன்றே பாதத்தையும் காட்டிவிடலாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். கையில் தின்பண்டம் இருக்கட்டும். கண்ணுக்குத் தனி நாள் ஒதுக்குவது நல்லது. சொட்டு மருந்துக்குப் பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், அருகிலிருப்பவை மங்கும்; இருசக்கர வாகனத்தில் தனியே திரும்பக் கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது என்பது பெரிய உதவி. ஆனால் விழித்திரைப் பரிசோதனைக்கு நாம்தான் போயாக வேண்டும்.

இதற்கிடையில் அண்டை வீட்டார் இரண்டு அறிவுரைகள் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்பது முதலாவது. மெட்பார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அது சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு மருத்துவர் அதைக் குறைக்கிறார் அல்லது நிறுத்துகிறார். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிக்கொண்டு வளர்ந்த வதந்தி இது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிகளுக்குத் தாவியவர்களில் பலரின் சிறுநீரகத்தை உண்மையில் கெடுத்தது கட்டுப்படாத சர்க்கரைதான். பார்வை மங்கினால் உடனே கண்ணாடியை மாற்று என்பது இரண்டாவது. சிகிச்சை தொடங்கிச் சர்க்கரை இறங்கும்போது, உள்ளே இன்னும் சர்க்கரைப் பொருள்கள் மிகுந்திருக்கும் கண் வில்லை, நீரில் போட்ட உளுந்தைப் போல ஊறிச் சற்றே உப்பி, பார்வையின் பவரைத் தற்காலிகமாக மாற்றிவிடுகிறது. சில வாரங்களில் இது தானாகச் சரியாகும். சர்க்கரை நிலைப்பட்ட பிறகு கண்ணாடிக்கு அளவு கொடுத்தால் செலவு மிச்சம். முதல் விழித்திரைப் பரிசோதனையில் பாதிப்பு ஏதும் இல்லையென்றால் அடுத்தது ஓராண்டு கழித்து. அப்போதும் இல்லை, சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது என்றால் மருத்துவரே இரண்டாண்டு இடைவெளிக்கு ஒப்புக்கொள்ளக்கூடும்.