எக்ஸார்சிசம்: ஓட்டுவதா, ஆணையிடுவதா?

பேய்ப்படம் பார்க்கிறவர்களுக்கு எக்ஸார்சிசம் என்ற சொல்லை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1973 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ‘தி எக்ஸார்சிஸ்ட்’ அதை ஊர் உலகமெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கட்டிலில் கட்டிப்போட்ட பெண், பாதிரியார், சிலுவை, மந்திரித்த தண்ணீர் என்று அந்த வகைப் படங்களின் சாமான்கள் அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. தமிழில் ‘பேயோட்டுதல்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். போகலாம்தான். ஆனால் மூலச் சொல்லில் ஓட்டுவதும் இல்லை, விரட்டுவதும் இல்லை.

கிரேக்கத்தில் ஹோர்க்கோஸ் என்றால் சத்தியம். அதையொட்டிய எக்ஸோர்க்கிஸைன் என்ற வினைக்கு, ஒருவரைச் சத்தியத்தால் கட்டுவது, ‘கடவுள் மேல் ஆணை, சொன்னபடி செய்’ என்று நிர்ப்பந்திப்பது என்று பொருள். லத்தீன் வழியாக மற்ற ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் இந்தத் தொழில் செய்த சிலர் வருகிறார்கள். பழைய தமிழ் பைபிளில் அவர்களுக்கு மந்திரவாதிகள் என்று பெயர். இயேசுவின் பேரில் ஆணை என்று அவர்கள் அதட்ட, அந்த ஆவியோ இயேசுவைத் தெரியும், பவுலையும் தெரியும், நீங்கள் யார் என்று திருப்பிக் கேட்கிறது. பிறகு விழுந்த அடியில் துணி கிழிந்து ஓட்டம் பிடித்தவர்கள் ஓட்ட வந்தவர்கள்தான்! தமிழில் புதிய ஏற்பாடு முதலில் அச்சானது 1714-15இல், நம் தரங்கம்பாடியில். ஆக, இந்தச் சங்கதி தமிழ் அச்சுக்கு வந்து 300 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

சரி, நம் ஊர்க் கோடாங்கி என்ன செய்கிறார்? உடுக்கையை அடித்துக்கொண்டே விசாரணையை ஆரம்பிப்பார். “யாரு நீ? எந்த ஊரு? இவள எங்க புடிச்ச?” பதில் வரும்: “கீழத்தெரு. உச்சி வெயில்ல வாய்க்கா கரையில தனியா வந்தா, புடிச்சேன்.” “என்ன வேணும்?” “கோழி. ஒரு சுருட்டு.” அங்கே பேரம் நடக்கும். கோழி முட்டையாகக் குறைவதும் உண்டு. பேரம் படிந்ததும் சூடத்தைக் கொளுத்தி, அதை அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வார்: “இனிமே இந்தப் பொண்ணு பக்கம் வரமாட்டேன்.” அதற்கப்புறம்தான் உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பது.

கிரேக்கச் சொல்லின் உள்ளடக்கம் முழுக்க அந்தச் சூடத்தில் இருக்கிறது. பேயோட்டுதல் என்ற பெயர் முடிவை மட்டும் சொல்கிறது. நடுவில் நடப்பது சத்தியம் வாங்குவது. அங்கே பாதிரியார் கடவுள் பேரில் ஆணையிடுகிறார், இங்கே பேயே வாய்விட்டுச் சத்தியம் செய்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு இடத்திலும் முதல் கேள்வி பெயர் என்ன என்பது. பெயர் தெரியாத ஆளை எப்படிச் சத்தியத்தில் கட்டுவது?

மொழிபெயர்ப்பு சறுக்குவது வேறோர் இடத்தில். அந்தப் படங்களில் பெண்ணுக்குள் புகுவது ஒருநாளும் மனிதனாக இருந்ததில்லை. கடவுளை எதிர்த்து விழுந்த தேவதூதர்களின் கூட்டம் அது. நம் பேய் செத்துப்போன ஆள். ஆற்றில் விழுந்தவர், தூக்கு மாட்டிக்கொண்டவர், ஆசை தீராமல் போனவர். விலாசம் கேட்டால் தெரு முதற்கொண்டு சொல்லும். அதனால்தான் பேரமே சாத்தியமாகிறது. சாத்தானுக்குச் சுருட்டு கொடுத்து அனுப்ப முடியுமா? டப்பிங்கிலும் சப்டைட்டிலிலும் இதற்குப் பிசாசு என்று போடுவதே என் கட்சி. பழைய தமிழ் பைபிளும் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. தவிர, பேய் என்ற சொல்லில் கெட்டது மட்டும் இல்லை. காரைக்கால் அம்மையார் தம்மைக் ‘காரைக்கால் பேய்’ என்றே பாடிக்கொண்டவர்.

இரண்டிலும் சேராத ஒன்று திருவிடைமருதூரில் இருக்கிறது. வரகுண பாண்டியனின் குதிரைக் காலில் ஓர் அந்தணர் மிதிபட்டு இறக்க, பிரம்மஹத்தி அவனைப் பிடித்துக்கொண்டதாம். கோயிலின் கிழக்கு வாசல் வழியாக அவன் உள்ளே போக, அது வெளியே காத்து நின்றது. அவன் வேறு வாசலால் வெளியேறிவிட்டான். உடுக்கையும் இல்லை, சத்தியமும் இல்லை, ஏமாற்றிவிட்டுப் போனதோடு சரி. இன்றும் பலர் போன வாசலில் திரும்புவதில்லை.

பேய் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் பொசெஷன் என்பார்கள். அதன் லத்தீன் வேர் உடைமையாக்கிக்கொள்வதைக் குறிக்கும், நிலத்தை அனுபவத்தில் வைத்திருப்பதுபோல. தமிழில் சளி பிடிக்கும், சனி பிடிக்கும், பேயும் பிடிக்கும். பழைய இலக்கண உரைகளில் புலிகோட்பட்டான் என்று ஓர் எடுத்துக்காட்டு உண்டு, புலியால் பிடிக்கப்பட்டவன். அதே அச்சில் பேய்கோட்பட்டான். அழகான சொல், ஆனால் போஸ்டரில் போட்டால் யாருக்கும் புரியாது. பேய் பிடித்தல் போதும். சாமி வந்து ஆடுவதற்கு மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள். அது அருள் வருவது, ஓட்டும் வேலை அங்கே இல்லை. குறி கேட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு, மலையேறச் சொல்லி அனுப்பிவைப்பார்கள்.

எக்ஸார்சிஸ்ட்டுக்குப் பேயோட்டி. முத்துப்பேட்டை, நாகூர்ப் பக்கம் ஓதி ஊதுகிறவருக்கு இது பொருந்தாது. அங்கே ஓதிப் பார்ப்பது என்பதே வழக்கு. கத்தோலிக்கர்களின் ஞானஸ்நானத்திலும் எக்ஸார்சிசம் என்ற பெயரிலேயே ஒரு சிறு ஜெபம் வருகிறது, கைக்குழந்தையின் மேல். அங்கே பேயோட்டுதல் என்று எழுதினால் குழந்தையின் பாட்டி சண்டைக்கு வருவார். தீமை விலக்கும் ஜெபம் என்று எழுதுங்கள்.