குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஆபரேஷன்தான் வழியா?

குழந்தை வேண்டாம் என்று இருவரும் பேசித் தீர்மானித்துவிட்ட தம்பதிக்கு அடுத்ததாக வரும் கேள்வி, "அப்போ ஆபரேஷன் பண்ணிக்கலாமா?" என்பதுதான். நம் ஊரில் அப்படித் தோன்றுவது இயல்பு. இங்கே கருத்தடை என்றாலே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், அதுவும் பெண்ணுக்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.1 சதவீதம். இந்திய அளவில் பார்த்தாலும் 37.9க்கு 0.3.

இதைப் பார்க்கிறவர்கள், பெண்ணுக்குச் செய்வதுதான் எளிது போலிருக்கிறது என்று நினைப்பார்கள். உண்மை நேர் எதிர்.

கருக்குழாய்கள் அடிவயிற்றுக்குள், கருப்பையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அங்கே போய்ச் சேர வயிற்றைத் திறந்தாக வேண்டும். சிறு கீறல் போடலாம், அல்லது வயிற்றுக்குள் வாயுவை நிரப்பி, கேமரா பொருத்திய மெல்லிய குழாயான லேப்ராஸ்கோப் வழியாகப் பார்த்துச் செய்யலாம். எப்படிச் செய்தாலும் மயக்க மருந்து, உள்ளுறுப்புகளில் காயம் படும் சிறு அபாயம், சில நாள் ஓய்வு எல்லாம் உண்டு. குழாயை வெட்டிக் கட்டுவார்கள், இல்லையென்றால் வளையமோ கிளிப்போ போட்டு அடைப்பார்கள். கருமுட்டையும் விந்தணுவும் சந்திக்கும் பாதை அடைபடுகிறது, அவ்வளவுதான். சினைப்பையில் யாரும் கை வைப்பதில்லை. ஹார்மோன் வழக்கம்போலச் சுரக்கும், மாதவிடாயும் வரும். இப்போது பல இடங்களில் குழாயை முழுதாகவே எடுத்துவிடுகிறார்கள். சினைப்பைப் புற்றுநோயில் மிகக் கொடிய வகை பெரும்பாலும் கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று தெரியவந்ததே காரணம். எடுத்துவிட்டால் அந்த ஆபத்து குறையும், ஆனால் திரும்ப இணைக்க வழியில்லை.

இதுவும் நூற்றுக்கு நூறு இல்லை. கருத்தடை செய்துகொண்ட 10,000க்கும் அதிகமான பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. அதில் 10 ஆண்டுகளில் 1,000 பேருக்குச் சுமார் 18 பேர் கருத்தரித்திருந்தார்கள். அந்தக் கருக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கருப்பைக்கு வெளியே தங்கியவை. அதனால், ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய் அடிவயிற்றில் வலியும் இருந்தால் "எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆணின் விந்துக்குழாய் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. விதைப்பையின் மேல்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் உறுதியான கயிறு மாதிரி விரலில் தட்டுப்படும். சீன மருத்துவர் லி ஷுன்சியாங் 1974இல் உருவாக்கிய ஆண் கருத்தடை முறைதான் இங்கே அரசு மருத்துவமனைகளில் 'நவீன வாசக்டமி' என்ற பெயரில் செய்யப்படுகிறது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். மருத்துவர் மூன்று விரல்களால் குழாயைத் தோலோடு சேர்த்து நிறுத்தி, வளைய முனையுள்ள இடுக்கியால் பிடிக்கிறார். கூர்முனை இடுக்கியால் தோலில் ஒரு சிறு துளை. கத்தி கிடையாது. அந்தத் துளை வழியாகக் குழாயை வளைத்து வெளியே எடுத்து, சிறு துண்டை வெட்டி நீக்கி, முனைகளைக் கட்டியோ சுட்டோ மூடி உள்ளே விடுகிறார். பிறகு அடுத்த பக்கத்துக் குழாய். மொத்தம் 15, 20 நிமிடம், தையல் கிடையாது, அன்றே வீட்டுக்குப் போகலாம்.

அப்புறம் ஏன் ஆண்கள் முன்வருவதில்லை? வரலாறு ஒரு காரணம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயப்படுத்தி. அந்தக் கசப்பில் ஆண் கருத்தடை அரசியலில் தொடக்கூடாத விஷயமாகிப் போக, சுமை முழுவதும் பெண்கள் மேல் விழுந்தது. இன்னொரு காரணம் ஆண்மை போய்விடும் என்ற பயம். ஆண்மை ஹார்மோன் விரையிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது, விந்துக்குழாய் வழியாக அது போவதே இல்லை. விந்து திரவத்தில் விந்தணுவின் பங்கு 5 சதவீதம்கூட இருக்காது. மீதியெல்லாம் வெட்டுகிற இடத்துக்கு மேலே உள்ள சுரப்பிகளிலிருந்து வருவது. ஆகவே அளவிலும் உணர்விலும் வித்தியாசம் தெரியாது. வெளியேற முடியாத விந்தணுக்களை உடம்பே கரைத்துக்கொள்ளும். நூற்றில் ஓரிருவருக்கு நாள்பட்ட வலி நீடிக்கலாம். அதையும் தெரிந்துகொண்டுதான் சம்மதிக்க வேண்டும்.

உடனே பலன் தராது என்பதுதான் இதில் மறக்கவே கூடாதது. வெட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே தேங்கியிருக்கும் விந்தணுக்கள் வெளியேற மூன்று மாதம் வரை ஆகும். அதுவரை ஆணுறை அவசியம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, அணுக்கள் இல்லை என்று ரிப்போர்ட் கையில் வந்த பிறகுதான் ஆணுறையை விடலாம்.

சரி, ஆபரேஷனே வேண்டாம் என்றால்? நிரந்தரம் என்பதையும் பலன் என்பதையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். முதல் ஆண்டில் 1,000 தம்பதிகளில் எத்தனை பேருக்குக் கரு உண்டாகும் என்று பாருங்கள். கருக்குழாய் ஆபரேஷனுக்குச் சுமார் 5, வாசக்டமிக்கு ஒன்றிரண்டு, கருப்பைக்குள் வைக்கும் செம்புச் சாதனமான காப்பர்-டிக்கு 8. கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்துக்கு ஒன்று முதல் நான்கு. மேல்கையில் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சிக்கு ஒன்று. தினசரி மாத்திரைக்கு 70, ஆணுறைக்கு 130. கடைசி இரண்டும் தோற்பது பெரும்பாலும் மறதியாலும் அவசரத்தாலும்தான். தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய வேலை எதில் இல்லையோ, அது ஆபரேஷனுக்கு ஈடாக நிற்கிறது. முடிவில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், நிரந்தரம் என்பதற்காக மட்டும் கூடுதல் பாதுகாப்பு கிடைத்துவிடாது.

காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டு வேலை செய்யும். செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுவை முடக்கிவிடுகின்றன, அதனால் பெரும்பாலும் கருத்தரிப்பே நடப்பதில்லை. ஹார்மோன் இல்லை. ஆனால் உதிரப்போக்கும் வலியும் கூடலாம், முதல் சில மாதங்களில் குறிப்பாக. ஹார்மோன் சாதனம் இதற்கு நேர் மாறு. கருப்பை வாயின் சளியைக் கெட்டியாக்கி, உட்சுவரை மெல்லியதாக்குகிறது. உதிரப்போக்கு குறையும், சிலருக்கு நின்றே போகும், அதனால் கெடுதல் இல்லை. அதிக உதிரப்போக்கால் ரத்தசோகையோடு இருக்கும் பெண்ணுக்கு, ஆபரேஷனைவிட இதைத்தான் நான் முதலில் யோசிக்கச் சொல்வேன். ஒரே சாதனம் இரண்டு பிரச்சினைக்கும் பதில் சொல்கிறது. பிள்ளை பெறாதவர்களுக்கு இவற்றைப் போடக் கூடாது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அப்படித் தடை எதுவும் இல்லை. போடும்போது வலி சற்று அதிகமாக இருக்கலாம், வலி குறைக்க மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கைக்குச்சி குறைந்தது மூன்று ஆண்டு நிற்கும். இந்தியாவில் அது அரசுத் திட்டத்துக்குள் இப்போதுதான் படிப்படியாக வருகிறது. அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியும், லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த, ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கின்றன. பால்வினை நோயைத் தடுப்பது மட்டும் ஆணுறையால்தான் முடியும். ஆபரேஷன் செய்துகொண்டாலும் அதற்கு ஆணுறை வேண்டும்.

பிறகு வருந்துவோமா என்ற கேள்வியும் உண்டு. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில், 30 வயதுக்குள் ஆபரேஷன் செய்தவர்களில் 20 சதவீதம் பேர் 14 ஆண்டுகளுக்குள் வருத்தம் தெரிவித்தார்கள். 30க்கு மேல் செய்தவர்களில் 6 சதவீதம்தான். பிள்ளையே பெறாமல் செய்துகொண்டவர்களிடம் வருத்தம் குறைவாகவே இருந்தது. "நாளைக்கு மனசு மாறிடும்மா" என்று எல்லோருக்கும் ஒரே அறிவுரை சொல்லும் மருத்துவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதே சமயம் மீளிணைப்பை நம்பி யாரும் மேஜையில் படுக்கவும் கூடாது. வாசக்டமி செய்து மூன்று ஆண்டுக்குள் குழாயைத் திரும்ப இணைத்தவர்களில் 76 சதவீதம் பேரின் மனைவிக்குக் கரு உண்டானது, 15 ஆண்டு கடந்த பிறகு இணைத்தவர்களில் 30 சதவீதம்தான்.

இந்தியாவில் நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, கருத்தடை ஆபரேஷனுக்கு வருபவர் திருமணமானவராக இருக்க வேண்டும், தம்பதிக்கு ஒரு வயதைத் தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. பெண்ணுக்கு வயது 22 முதல் 49 வரை, ஆணுக்கு 60க்குள். கணவர் அல்லது மனைவியின் கையெழுத்து கட்டாயமில்லை, செய்துகொள்பவரின் சம்மதமே போதும். ஆக, குழந்தையே வேண்டாம் என்கிற தம்பதிக்கு அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் கிடைப்பது அரிது. காப்பர்-டிக்கு அந்த நிபந்தனை கிடையாது. 40 வயதுக்கு மேல் போட்டுக்கொண்ட காப்பர்-டியை, மாதவிடாய் நிற்கும் காலம் வரை மாற்றாமலே வைத்துக்கொள்ளலாம் என்று பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அந்த வயதில் இருப்பவர்கள் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் முன் இதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.