பேஜட் எலும்பு நோய்: சொல் விளக்கம்

எலும்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வேலை, உடம்பில் குறிப்பிட்ட சில எலும்புகளில் மட்டும் கட்டுமீறிப் போவதால் வரும் நாட்பட்ட நோய் இது. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்கள் அளவிலும் எண்ணிக்கையிலும் பெருத்துவிடும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கப் புது எலும்பும் அவசர அவசரமாக உருவாகும். அது பார்க்கத் தடிமனாக இருந்தாலும் உறுதி இருக்காது.

லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் 1876இல் இதை விவரித்தார். அவர் பல ஆண்டுகள் கவனித்துவந்த நோயாளிக்கு மண்டையோடு பெரிதாகிக்கொண்டே போனது, தொப்பியையும் மாற்ற வேண்டியிருந்தது. பேஜட் வைத்த பெயர் ‘ஆஸ்டியைட்டிஸ் டிபார்மன்ஸ்’. ‘ஆஸ்டியோன்’ கிரேக்கத்தில் எலும்பு, ‘ஐட்டிஸ்’ அழற்சி, ‘டிபார்மன்ஸ்’ இலத்தீனில் உருக்குலைப்பது. அப்படியே தமிழாக்கினால் ‘உருக்குலைக்கும் எலும்பழற்சி’ என்று வரும். ஆனால் இது அழற்சியே அல்ல என்பது பின்னாளில் தெளிவாகிவிட்டது. அதனால் அந்தத் தமிழ்ப்பெயர் வேண்டாம்.

‘எலும்புருக்கி’ என்பதும் கூடவே கூடாது. அது காசநோய்க்கு வழங்கிய பழைய பெயர். வீட்டில் ஆயாவுக்குக் காசநோய் என்று அக்கம்பக்கம் நினைத்துக்கொண்டால் வீண் பயம்தான் மிஞ்சும். வெறும் ‘பேஜட் நோய்’ என்றாலும் குழப்பம் வரும், ஏனென்றால் மார்பகக் காம்பில் வரும் வேறொரு நோய்க்கும் அவர் பெயர்தான். ஆகவே ‘பேஜட் எலும்பு நோய்’ என்றே எழுதலாம். விளக்கிச் சொல்ல ‘எலும்பு மறுவடிவாக்கக் கோளாறு’ பொருந்தும். வீட்டில் பேச ‘எலும்பு தடித்து வளையும் நோய்’ போதும்.

எவ்வளவு பேருக்கு வருகிறது? பிரிட்டனில்தான் மிக அதிகம். அங்கே 55 வயதைத் தாண்டியவர்களில் 1970களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இருந்தது, 1990களில் 2 சதவீதமாகக் குறைந்தது. நாற்பதுக்குக் கீழே அபூர்வம். இந்தியாவிலும் அபூர்வம்தான், ஆனால் இல்லாமல் இல்லை. வேலூர் சிஎம்சி மருத்துவர்களே தாங்கள் பார்த்த நோயாளிகளைப் பற்றி ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ ஒரு பெரியவருக்குக் கால் வளைந்து காதும் மந்தமானால், “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பலருக்கு அறிகுறியே இருக்காது. வேறெதற்கோ எடுத்த எக்ஸ்ரேயிலோ, ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி கூடியிருப்பதாலோ தெரியவரும். சிலருக்கு எலும்பு வலி, முழங்காலுக்குக் கீழே கால் வளைவு, சின்ன அடிக்கே முறிவு, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம். மண்டையோட்டைத் தாக்கினால் செவித்திறன் குறையும். முதுகெலும்பைத் தாக்கினால் நரம்பு நசுங்கிக் கால் மரத்துப்போகும். நோயுள்ளவர் நீண்ட நாள் படுக்கையில் கிடந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம், கவனம் தேவை. பல எலும்புகளில் பரவியிருந்தால் ரத்த ஓட்டம் கூடி, அரிதாக இதயம் களைத்துப்போகும். நூற்றில் ஒருவருக்கும் குறைவாக எலும்புப் புற்றுநோய் வரும். பேஜட்டின் அந்த முதல் நோயாளி முன்கை எலும்பில் வந்த புற்றுக்கட்டியால்தான் இறந்தார்.

இன்று சோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தை ஒருமுறை டிரிப்பாக ஏற்றினாலே பலருக்கு நோய் ஆண்டுக்கணக்கில் அடங்கியிருக்கிறது. ஏற்றும் முன் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகம் மூன்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆனால் வளைந்த எலும்பை அந்த மருந்து நிமிர்த்தாது, போன செவித்திறனும் பெரும்பாலும் திரும்பாது.