மலையில் கிடக்கும் நீரை நிறுத்துப் பார்ப்பது எப்படி?

மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிறவர்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் வண்டியின் முகப்பு விளக்கைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். கேட்டால் ‘மேலே ஒரே பனி’ என்போம். மூடுபனி, புல்நுனித் துளி, உதகையில் புல்வெளியை வெளுக்கச் செய்யும் உறைபனி, இமயமலையில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும் வெண்பனி ஆகிய நான்கையும் நம் மொழி ‘பனி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. இங்கே நான் எழுதப்போவது நான்காவதைப் பற்றி. அது எவ்வளவு கிடக்கிறது, எப்போது உருகும் என்பதை ஆளில்லாத மலை உச்சியில் எப்படி அளக்கிறார்கள் என்பதே கேள்வி.

சேர்வராயன் மலையில் அந்தப் பனி விழாததற்குக் காரணம் எளிது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரிலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டரிலும் இருப்பதால், கீழே 35 டிகிரி இருக்கும்போது மேலே ஏறத்தாழ 27 டிகிரி இருக்கும். நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட 5,000 மீட்டர் அளவுக்குப் போயாக வேண்டும். ஏற்காட்டின் தலைமேல் இன்னும் இரண்டு ஏற்காட்டை அடுக்கினாலும் போதாது.

நம் காவிரிக்கு மழைதான் எல்லாம். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் 120 அடி உயரத்துக்கு 93.47 டிஎம்சி நீர் நிற்கும். அன்றைய நீர்மட்டத்தைச் சேலத்தில் காலை நாளிதழிலேயே பார்த்துவிடலாம். அடி தெரிந்தால் கொள்ளளவும் தெரியும், ஏனென்றால் நீரின் அடர்த்தி மாறுவதில்லை. சட்லெஜ் ஆற்றின் பக்ரா அணையை நம்பியிருக்கும் உழவருக்கு இந்த வசதி பாதிதான் உண்டு. அவருக்கு வரவேண்டிய நீரில் பெரும்பங்கு குளிர்காலம் முழுவதும் கரையில்லாத அணையாக மலைச்சரிவுகளில் விரிந்து கிடக்கிறது. அதை அடிக்கணக்கில் அளந்து பயனில்லை.

ஏன் பயனில்லை என்பதைச் சேலத்து மரவள்ளி விவசாயிக்கு விளக்க வேண்டியதே இல்லை. கிழங்கின் குவியலைப் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை. மாவுச்சத்து எத்தனை ‘பாயின்ட்’ என்று பார்த்த பிறகுதான் ஜவ்வரிசி ஆலையில் பேச்சே தொடங்கும். பனியிலும் அப்படித்தான். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ எடைதான் இருக்கும், எஞ்சியதெல்லாம் காற்று. நாள்பட்டு அழுந்தி, வசந்த காலத்தில் அதுவே 400 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே ஒரு மீட்டர் புதுப்பனி உருகினால் 10 சென்டிமீட்டர் நீருக்கு மேல் கிடைக்காது; ஒரு மீட்டர் பழம்பனி 40 சென்டிமீட்டர் தரும். இந்த நீரின் ஆழத்தை ‘நீர்ச்சமானம்’ என்கிறார்கள். அதைக் கண்டறிய ஒரே நேர்வழி, பனியை எடைபோடுவது.

முதலில் இதை முறையாகச் செய்து காட்டியவர் பொறியாளர் அல்லர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் இலக்கியம் கற்பித்துவந்த ஜேம்ஸ் சர்ச், 1905-இல் சுமார் 3,285 மீட்டர் உயரமுள்ள ரோஸ் சிகரத்தில் ஒரு வானிலை நிலையத்தை அமைத்தார். அருகிலிருந்த டாஹோ ஏரியின் நீர்மட்டத்தைக் குறித்துக் கரையோர நிலத்தாருக்கும் நீரைப் பயன்படுத்துவோருக்கும் தகராறு நடந்துகொண்டிருந்த காலம் அது. வசந்தத்தில் ஏரி எவ்வளவு உயரும் என்பதை முன்கூட்டியே சொல்ல, அவர் ஓர் உலோகக் குழாயைச் செய்தார். நுனியில் பற்கள் வைத்த அந்தக் குழாயைத் தரை தட்டும்வரை பனிக்குள் திருகி இறக்கி, உள்ளே அகப்பட்ட பனித்தண்டோடு தூக்கி நிறுத்து, வெறுங்குழாயின் எடையைக் கழித்தால் கணக்கு முடிந்தது. அடியில் சிறிது மண் ஒட்டிவந்தால்தான் குழாய் தரையைத் தொட்டது என்று பொருள். பிற்காலத்தில் அமெரிக்கா முழுவதும் பரவிய குழாயின் வாய் 1.485 அங்குல விட்டம் கொண்டது. இது தற்செயலான எண் அன்று. அந்த விட்டத்தில் ஓர் அவுன்ஸ் பனி என்றால் சரியாக ஓர் அங்குல நீர் என்று ஆகும்படி திட்டமிட்டுச் செய்ததால், உறைகுளிரில் விரல் விறைத்து நிற்பவர் பெருக்கல் வகுத்தல் போட வேண்டியதில்லை.

குழாயைவிட முக்கியமானது சர்ச் கண்ட இன்னொரு உண்மை. ஒரு மலைத்தொடரில் உள்ள மொத்தப் பனியை யாராலும் அளக்க முடியாது. ஆனால் அதே இடங்களில், அதே தேதியில் ஆண்டுதோறும் அளந்து, இந்த ஆண்டின் அளவு வழக்கமான அளவில் நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால், ஆற்றில் வரும் நீரும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். இங்கே ஒவ்வோர் ஆண்டும் அதே சோற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. இடத்தைப் பத்தடி மாற்றினாலும், பக்கத்து மரம் ஒன்று விழுந்தாலும், பழைய கணக்கோடு ஒப்பிடும் தகுதி போய்விடுகிறது.

ஆள் மாதம் ஒருமுறைதான் போக முடியும். இடையில் நடப்பதை அறியத் தானியங்கி நிலையங்கள் வந்தன. அவற்றின் மையக் கருவிக்குப் ‘பனித் தலையணை’ என்று பெயர். ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலமுள்ள தட்டையான பையில் உறையாத திரவத்தை நிரப்பித் தரையில் பரப்பிவிடுவார்கள். அதன்மேல் பனி விழ விழத் திரவத்தின் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தமே எடை, எடையே நீர். ஒரு சதுர மீட்டரில் 400 கிலோ அழுத்தினால் 400 மில்லிமீட்டர் நீர் என்பதில் குழப்பமில்லை. குழப்பம் வேறிடத்தில் வருகிறது. பகலில் சற்று உருகி இரவில் மீண்டும் உறையும் பனிக்குள் கெட்டியான பனிக்கட்டித் தகடு உருவாகி, பாலம்போல் பையின் இருபுறத் தரையிலும் ஊன்றிக்கொள்ளும். மேலே எவ்வளவு விழுந்தாலும் பாரத்தைப் பாலமே தாங்கிக்கொள்வதால் தலையணை குறைத்துக் காட்டும்.

ஒரே கருவியை நம்பாமல், கம்பத்தில் மீயொலிக் கருவியையும் பொருத்துகிறார்கள். அது கீழ்நோக்கி ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு பனிப்பரப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும். காற்றில் ஒலியின் வேகம் பூஜ்ய டிகிரியில் வினாடிக்குச் சுமார் 331 மீட்டர். மைனஸ் 20 டிகிரியில் 319 மீட்டர்தான். இதைத் திருத்தாமல் விட்டால், நான்கு மீட்டர் தூரத்துக்கு 15 சென்டிமீட்டர் பிழை நேரும். அதனால் பனியின் ஆழத்தைச் சொல்லும் இந்த மீயொலிக் கருவியின் பக்கத்திலேயே நிழல்கவசத்தோடு ஒரு வெப்பமானியும் இருந்தாக வேண்டும். மழைமானியை வைத்து விழும் பனியைப் பிடிக்கலாமே என்று தோன்றும். பனிச்சீவல் இறகுபோல் லேசானது. மானியின் வாயருகே சுழலும் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். தடுப்பு இல்லாத மானியில், பலத்த காற்றில், விழுந்ததில் பாதிகூடத் தேறாத நாட்கள் உண்டு.

எவ்வளவு என்பது தெரிந்த பிறகு எப்போது என்ற கேள்வி. பனிப்படிவு முதலில் பூஜ்யம்வரை சூடாக வேண்டும், பிறகுதான் உருகும். சதுர மீட்டருக்கு 400 கிலோ பனி மைனஸ் 5 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சுமார் 4,200 கிலோஜூல் போதும். முழுவதும் உருக்க 1,33,000 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். அந்த வெப்பத்தின் பெரும்பகுதி வெயிலிலிருந்து வருகிறது. ஆனால் புதுப்பனி தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். தூசியும் புகைக்கரியும் படிந்து அழுக்கானால் பாதியளவைக்கூட விழுங்கிக்கொள்ளும். ஆகவே மேலிருந்து வரும் ஒளியை அளக்க ஒரு கருவியும், பனியிலிருந்து திரும்பும் ஒளியை அளக்கக் கவிழ்த்து வைத்த இன்னொரு கருவியும் நிலையத்தில் இருக்கும்.

இந்த எண்களை மலையிலிருந்து இறக்குவதே ஒரு காலத்தில் பெரிய சிக்கல். அமெரிக்க வேளாண்மைத் துறை 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய ‘ஸ்னோடெல்’ வலையமைப்பு, பள்ளத்தாக்குகளில் கம்பிவழி இல்லாததால் எரிகற்களைத் துணைக்கு அழைத்தது. சுமார் 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு நொடி எரிந்துபோகும் தூசித் துணுக்குகள் மின்னூட்டம் பெற்ற ஒரு தடத்தை விட்டுச்செல்கின்றன. கண்ணிமைக்கும் நேரமே நிற்கும் அந்தத் தடத்தில் வானொலி அலையை மோதவிட்டுத் தெறிக்கச் செய்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தகவலைச் சேர்த்தார்கள். பின்னர் செயற்கைக்கோளும் கைப்பேசி அலைவரிசையும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன.

இமயமலையில் மணாலியில் 1969-இல் தொடங்கப்பட்ட பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம், 2020-இல் இன்னோர் ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டு வேறு பெயரில் இயங்குகிறது. அங்கே நீரைவிட உயிருக்கே முதலிடம். தரையருகே பூஜ்யமும் மேற்பரப்பில் கடுங்குளிருமாக, ஒரு மீட்டருக்குள் 10 டிகிரிக்கு மேல் வேறுபாடு நீடித்தால், அடிப்பனி ஆவியாகி மேலேறி மீண்டும் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைப் படிகம்போல் ஆகிவிடும். அதன்மேல் புதுப்பனி ஏறினால் சரிவு முழுவதுமே வழுக்கத் தயாராகிறது. இதனால்தான் பனிக்குள் சாண் சாணாக வெப்பமானிகளைக் கோத்து நட்டு வைக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் செயற்கைக்கோள் போதாதா என்று கேட்கலாம். எங்கே பனி கிடக்கிறது என்பதை அது அருமையாகக் காட்டும். எடையை உணர நுண்ணலைக் கருவி வேண்டும். அந்தக் கருவி பார்க்கும் ஒரு கட்டம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் அகலம் கொண்டது. சேலமும் ஏற்காடும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். 1,200 மீட்டர் உயர வேறுபாடு ஒற்றைச் சராசரி எண்ணாகிவிடும். நீர்ச்சமானம் 150 முதல் 200 மில்லிமீட்டரைத் தாண்டினால் நுண்ணலைக்கு வேறுபாடு தெரிவதில்லை. பனி ஈரமாகிவிட்டாலோ உள்ளே இருப்பது எதுவும் தெரிவதில்லை. உருகத் தொடங்கும் அந்த வாரங்களில்தான் அணைக்காரருக்கு எண் தேவைப்படுகிறது என்பதால், பனிச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு, குழாயையும் தராசையும் தோளில் சுமந்து, இன்றும் சிலர் மேலே போய்க்கொண்டிருக்கிறார்கள்.